மறதிப்பட்டம்

சுகிர்தா மாத்திரையை அம்மியில் வைத்து நசுக்கினாள். வெள்ளைப் பொடி கல்லின் பள்ளங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்றது. விரலை ஈரமாக்கி ஒற்றி ஒற்றி எடுத்துக் கூழில் கலக்கினாள். குடிலுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டதும், மிச்ச மாத்திரைகள் இருந்த அட்டையைக் கொண்டைக்குள் செருகிப் பூச்சரத்தை மேலே சுற்றினாள். பதினோராம் நூற்றாண்டில் மாத்திரை அட்டையோடு மாட்டிக்கொண்டால் என்னவென்று சொல்வது?

இப்போதெல்லாம் விடுமுறைக்கு மலைக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நூற்றாண்டுக்குப் போகிறார்கள். நல்லேரி மங்கலம் முகாமில் வாசலிலேயே செருப்பு, போன், கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் ஆயிரம் வருடத்தையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்காக நெற்றியில் கட்டுகிற செப்புத் தகட்டுக்கு மறதிப்பட்டம் என்று பெயர். ரயில், மின்விசிறி, வங்கி, மாத்திரை என்று ஒவ்வொரு சொல்லாக அது மூளைக்குள் மெல்ல ஒலிக்கவிடும். எந்த நரம்புக்கொத்து துள்ளுகிறதோ அதைத் தட்டித் தூங்க வைத்துவிடும். பேச்சையும் உறவையும் மட்டும் தொடாது, சட்டம் அப்படி. ஓலையில் எழுதவும், மெழுகு வார்ப்பில் சிலை செய்யவும், சோழர் காலத்து ஊர்ச்சபை நடத்தவும் கற்றுக்கொள்ள அந்தக் காலத்து மூளைதான் வசதி என்பது முகாம்காரர்களின் கட்சி. இந்தக் காலத்து மூளை, உளியைக் கையில் கொடுத்தவுடனே இதற்கு வீடியோ இருக்கிறதா என்று கேட்குமாம்.

கண்டிப்பு ஒன்று உண்டு. யாராவது இந்தக் காலத்துப் பேச்சை வாய்தவறிப் பேசிவிட்டால், பட்டம் கட்டியிருக்கும் மற்றவர்களின் மூளை திடுக்கிட்டுக் கெட்டுப்போகலாம். பட்டத்தை நினைத்தபோது கழற்றவும் முடியாது. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

சுகிர்தாவின் கணவன் எழிலரசுக்கு வலிப்பு நோய். காலையும் இரவும் மாத்திரை போட்டுக்கொண்டால் ஒரு தொந்தரவும் இல்லை. விட்டால் எப்போது விழுவான் என்று சொல்ல முடியாது. வலிப்புக்காரர்களை முகாமில் சேர்ப்பதில்லை. பட்டத்தோடு இருக்கும்போது வலிப்பு வந்துவிட்டால், தூங்கப் போன நரம்புகள் பிறகு எழுந்திருக்கவே மாட்டா. அந்த ஆள் சாகும்வரை சோழர் காலத்திலேயே இருந்துவிட வேண்டியதுதான். எழிலரசுக்குச் சரித்திரம் என்றால் உயிர். நோயை மறைத்துத்தான் இடம் வாங்கினான்.

"மாத்திரைய வேட்டி மடிப்புல தெச்சு வெச்சுட்டேன் சுகி. ஒரு பிரச்சனையும் வராது" என்றான் வரும்போது பஸ்ஸில்.

"பட்டம் கட்டினப்புறம் மாத்திரைன்னா என்னன்னே உனக்குத் தெரியாதே, எழில்?"

"கைப்பழக்கம் எங்க போகும்?" என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பங்குக்கு அவளும் ஒரு அட்டையை ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த மரகதம் என்ற பெண் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். நன்றாகப் பேசினாள். சுகிர்தாவுக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

மறதிப்பட்டத்தின் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். அது நெற்றித் தோலில் படவேண்டும். படுகிற இடத்தில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டு போய் நின்றாள் சுகிர்தா. குமிழ் பொட்டோடு பேசிக்கொண்டிருந்தது. அவளுக்கு எதுவும் மறக்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் நினைவோடு இருப்பவள் தான் ஒருத்திதான் என்று முதல் நாளே நினைத்துக்கொண்டாள். பட்டம் பேச்சைத் தொடாது என்றுதானே சொன்னார்கள், பிறகு ஏன் எல்லாரும் நாடக மேடைத் தமிழில் "உண்டீரா, உறங்கினீரா" என்று பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அதையெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரமில்லை. கூழுக்குள் மாத்திரையைக் கலக்க வேண்டியிருந்தது.

வரலாற்றுக்கு அங்கே தனி வகுப்பறை கிடையாது. காலையில் ஆலமரத்தடியில் நட்டிருந்த பேசுங்கல் அன்றைய பாடத்தைச் சொல்லும். மாலைக்குள் ஊர் அதைச் செய்து பார்க்கும். குடவோலைப் பாடத்தன்று பெயர்களை ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். நிலமுள்ள ஆண்களின் பெயர் மட்டும்தான். எழிலரசின் ஓலை வந்தது. ஏரியைக் கவனிக்கும் ஏரி வாரியத்துக்கு அவன் உறுப்பினன். வீட்டில் பால் பாக்கெட் வெட்டக் கத்தரிக்கோல் எங்கே என்று கேட்கிறவன், அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கரையில் நடந்தான்.

மறுநாள் பேசுங்கல், ஊருக்குப் புறத்தே குடியிருந்தவர்கள் ஏரித் துறையில் இறங்கி நீர் எடுத்ததில்லை என்று ஒரு வரி சொன்னது. சொன்னதோடு சரி. அதைச் செய்து காட்டுங்கள் என்று சொல்லவில்லை. முகாமில் புறத்தே இருந்தது ஒரே ஒரு குடில். வாசலில் சீட்டுக் குலுக்கியபோது அது மரகதத்துக்கு விழுந்திருந்தது.

அன்று மத்தியானம் அவள் குடத்தோடு படியில் கால் வைத்ததும், "நில்! இறங்காதே!" என்று கத்தியது எழிலரசுதான். வாரியத்தார் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். மரகதம் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து நின்றாள்.

"யாராவது மொண்டு ஊற்றுங்கள். தொடாமல்" என்றார் வாரியத்துப் பெரியவர் ஒருவர்.

பக்கத்தில் இருந்தவள் சுகிர்தாதான். மொண்டு, எட்ட நின்று, அவள் ஏந்திய கையில் ஊற்றினாள். விரலிடுக்கில் வழிந்தது போக மிச்சத்தை மரகதம் குடித்தாள். சுகிர்தாவுக்குக் காது சுட்டது. பரவாயில்லை, இவளுக்கு வேறு காலம் தெரியாது, தெரியாதவளுக்கு வலிக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தவிர, இந்த நேரத்தில் வாயைத் திறந்து மாட்டிக்கொண்டால் எழிலுக்கு யார் மாத்திரை கொடுப்பது? அந்தக் காரணம் அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. அதன் பிறகு தினமும் அவளே ஊற்றினாள்.

எழிலரசு நாளுக்கு நாள் மோசமானான். ஒருநாள் வாரியத்தாரோடு உட்கார்ந்திருந்தவன் கூழை ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தான்.

"என்ன கசப்பு இது? நஞ்சு வைக்கிறாயா?"

கலயத்தை அவள் காலடியில் வீசி அடித்தான். கூழ் சேலையில் தெறித்தது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "கை நீட்டினால்தான் சரிப்படும்" என்று ஒருவன் எடுத்துக் கொடுக்க, எழிலரசு உண்மையிலேயே கையை ஓங்கினான். அடிக்கவில்லை, ஓங்கினான். பத்து வருடத் தாம்பத்தியத்தில் ஒருநாள்கூட அவன் குரல் உயர்த்தியதில்லை. சுகிர்தா குடிலுக்குள் வந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். இது எழில் இல்லை, இது பட்டம், இது பட்டம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அடுத்த வேளையிலிருந்து கூழில் வெல்லத்தைக் கூடுதலாகக் கரைத்தாள்.

பிறகுதான் அவன் நடை தள்ளாட ஆரம்பித்தது. பேச்சு குழறியது. உட்கார்ந்த இடத்தில் கண் சொருகியது. வலிப்பு வரப்போகிறது, கொட்டியது போக உள்ளே போன மருந்து போதவில்லை என்று சுகிர்தாவுக்குக் கிலி பிடித்தது. ஒன்று போட்ட இடத்தில் இரண்டு நசுக்கினாள். அவன் இன்னும் அதிகமாகத் தள்ளாடினான்.

வார்ப்பு வகுப்பு நடந்த அன்று ஊரே கொட்டகையில் கூடியிருந்தது. மெழுகில் செய்த சின்ன நந்திகளுக்கு மேல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றியிருந்தார்கள். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்ற வேண்டும். முதல் வார்ப்பு ஏரி வாரியத்தாருக்கு என்று சபை தீர்மானித்திருந்தது. எழிலரசு நீண்ட இடுக்கியால், உலோகத்தை உருக்கும் மண்குப்பியான மூசையைத் தூக்கினான். உள்ளே உலோகம் செக்கச்செவேல் என்று தளும்பியது. அவன் இடுப்பு ஒருபக்கமாகச் சாய்வதைச் சுகிர்தா பார்த்தாள்.

"எழில்! அதக் கீழ வை! மாத்திரை போட்டியா இல்லியா நீ?"

கத்திவிட்டாள். மூசை மணலில் விழுந்து உலோகம் சீறிக்கொண்டு ஓடியது. எழிலரசு எதிர்ப்பக்கம் சரிந்தான். அத்தனை பேரின் மூளையையும் கெடுத்துவிட்டோம் என்று அவள் நடுங்கிய அந்த நொடியில் ஒரு குரல் கேட்டது.

"டாக்டர் யாராச்சும் இருக்கீங்களா?"

"நான் டாக்டர்தான், வழிய விடுங்க!" என்று வாரியத்துப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்க!"

"எங்கிட்ட போன் இருக்கு, வைக்கோல்ல ஒளிச்சு வெச்சிருக்கேன்!"

"ஃபேன் மாதிரி எதையாவது வீசுங்கப்பா!"

டாக்டர் அவன் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். "ஃபிட்ஸ் இல்லம்மா. மருந்து ஓவராயிருக்கு. எவ்ளோ குடுத்தீங்க?"

சுகிர்தா சொன்னாள். எழிலரசு நாக்குக் குழற, "நானும்... ரெண்டு வேளையும்... போட்டுக்கிட்டேன்" என்றான். வேட்டி மடிப்பைத் தொட்டுக் காட்டினான். அவன் நெற்றியிலிருந்து பட்டத்தை விலக்கிப் பார்த்தார்கள். குமிழ் படும் இடத்தில் செலோடேப் ஒட்டியிருந்தது.

டாக்டர் தன் பட்டத்தை அவிழ்த்தார். உள்ளே பிளாஸ்திரி. பக்கத்தில் நின்றவள் அவிழ்த்தாள். அவள் சூயிங்கம் வைத்திருந்தாள், குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது, அதை மறந்துவிடக் கூடாதே என்று. ஒருவருக்கு வீட்டில் கேஸை மூடினோமா என்ற கவலை. இன்னொருவருக்குச் சும்மா பயம். ஒவ்வொருவராக அவிழ்க்க அவிழ்க்கக் கொட்டகை அமைதியாகிக்கொண்டே வந்தது. மற்றவர்கள் எல்லாரும் மறந்துவிட்டார்கள், நாம் மட்டும் நடிக்கிறோம் என்றுதான் அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள்.

மரகதம் கடைசியாக நின்றிருந்தாள். தன் பட்டத்தை அவளும் கழற்றினாள்.

"எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சா?" என்று கேட்டாள். "நான், உங்களுக்கெல்லாம் ஒண்ணும் தெரியாது, பாவம், போகட்டும்னுல்ல பொறுத்துக்கிட்டிருந்தேன்."

சுகிர்தா தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டாள்.

முகாம் மேலாளர் வேன் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். எழிலரசுக்கு ஊசி போட்டு, ஓரமாகப் படுக்க வைத்தார்கள். பயமில்லை, மருந்தின் வேகம் இறங்கிவிடும் என்றார் டாக்டர். மேலாளர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தால், அவர் வேறு பேச்சை எடுத்தார்.

"இன்னும் நாள் பாக்கி இருக்கு. விருப்பப்படுறவங்களுக்கு இந்தத் தடவ நெத்தியத் தொடைச்சு ஒழுங்கா கட்டிவிடுறோம். ஊருக்குக் கிளம்புறப்ப மத்ததை எல்லாம் எழுப்பிட்டு, இந்த ஒரு வாரத்தை மட்டும் தூங்க விட்டுடலாம். அதுக்கு வழி இருக்கு."

முதலில் டாக்டர் எழுந்து போய் நின்றார். அவருக்குப் பின்னால் கூழ் கொட்டியபோது சிரித்தவர்கள். வேர்க்கடலைக்காரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை கொட்டகையைத் தாண்டிப் போயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

மரகதம் வரிசைக்குப் போகவில்லை. ஏரித் துறையில் இறங்கித் தண்ணீருக்குள் முழங்கால்வரை நின்று முகம் கழுவினாள். திரும்பி வந்து வரிசையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

"மறந்துட்டு வாங்க எல்லாரும். திரும்பிப் போறப்ப ஒரே பஸ்ஸுலதான் உக்காரணும். எனக்கு ஞாபகம் இருக்கும்."

எழிலரசு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வரிசையில் நிற்கப் போனவனை மேலாளர் தடுத்துவிட்டார். நோய் தெரிந்துபோன பிறகு அவனுக்குப் பட்டம் கட்ட முடியாதாம். அவன் சுகிர்தாவிடம் வந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நீ நிஜமாவே மறந்துட்டன்னு நெனச்சேன் சுகி. எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. அந்தக் காலத்து ஆம்பள மாதிரி நடந்துக்கலன்னா மாட்டிக்குவேனோன்னு..."

"மரகதத்தப் பாத்துக் கத்தினது?"

அவன் வேட்டி மடிப்பில் பிரிந்திருந்த நூலை இழுத்தான்.

"கைய ஓங்கினது?"

"எனக்குத்தான் கட்ட மாட்டாங்களாம். நீ போய் கட்டிக்கோ. நீயாச்சும் மறந்துடு." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ப்ளீஸ் சுகி. வீட்டுக்குப் போனா நாம பழையபடி இருக்கலாம்."

வலிப்பு வந்து இவன் இந்தக் காலத்தையே மறந்துவிடுவான் என்று இத்தனை நாளும் செத்துச் செத்துப் பிழைத்திருந்தாள் சுகிர்தா. மறக்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் செய்திருந்தான். அவளும்தான், மொண்டு மொண்டு ஊற்றியதெல்லாம் தெரிந்துதான். வரிசையைப் பார்த்தாள். போய் நின்றுவிட வேண்டும் என்று கால் துடித்தது. அவன் கையிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"எனக்கும் மறந்துடணும்னுதான் இருக்கு எழில்" என்றாள். "ஆனா மறந்துட்டா உங்கூடச் சந்தோஷமா இருந்துடுவேன். அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."