தைக்குத் தை

உறைமானியின் முனையைச் சுவரில் அழுத்திய பெண் அலுவலர் இந்த முறையும் உதட்டைப் பிதுக்கினாள். முப்பத்தொன்பதாவது வீடு.

"பதினெட்டுக் குடும்பத்தோட சுவடு இருக்கும்மா. ஒருத்தரும் ரெண்டு வருஷத்தத் தாண்டல."

பொற்கொடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மனிதர் விடும் மூச்சும் வியர்வையும் சுவர்ப்பூச்சில் ஊறி, ஆண்டுக்கு ஒரு படலமாகத் தங்கிவிடும். உறைமானி அதைப் படித்துச் சொல்லும். ஒரே வீட்டில் தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தவருக்கே அந்த வீட்டின் பட்டா. கட்சிக்காரர்களின் பொய்ச்சாட்சி இனி எடுபடாது என்று நம்பி, இந்தச் சட்டம் வேண்டுமென்று ஊர்வலம் போனவளே அவள்தான்.

பாதியில் கைவிடப்பட்ட அந்தப் பத்து மாடிக் கட்டடத்தில் நாற்பது குடும்பங்கள் புகுந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. லிப்ட் கிடையாது. மழை வந்தால் தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர். மேல்மாடிக்குக் குடம் தூக்கினால் இடுப்பு விட்டுப்போகும். யாருக்கு எந்த வீடு என்ற சண்டையில் ஒருவன் மண்டை உடைந்தபோது பொற்கொடிதான் வழி சொன்னாள்: தைக்குத் தை எல்லோரும் வீடு மாற வேண்டும். அதன்பின் அங்கே போலீஸ் வர வேலையிருக்கவில்லை.

நாற்பதாவது வீட்டில் கருவி பச்சை காட்டியது. ஒரு காலை இழந்த எத்திராஜை மட்டும் மாறவேண்டாம் என்று விட்டிருந்தார்கள்.

"எனக்கு மட்டுமாக்கா?" அவன் தலைகுனிந்து அழுதான்.

"நாங்களும் இதே கட்டடத்துலதான மேடம் இருந்தோம்?" என்று அலுவலரிடம் கேட்டாள் பொற்கொடி.

"கட்டடத்துக்குப் பட்டா இல்லம்மா. வீட்டுக்குத்தான்."

மூன்று வாரத்தில் முப்பத்தொன்பது குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. ஏரிக்கு அப்பால் இன்னொரு பாதிக் கட்டடம், எட்டு மாடி. பொற்கொடி வீட்டு எண்களைச் சீட்டெழுதி ஒரு சட்டியில் போட்டு நீட்டினாள்.

"எடுங்கப்பா. தை வந்தா மாறிக்கலாம்."

"மாறுற பேச்சே வேணாங்க்கா," என்றாள் சகாயமேரி. "பட்டது போதும். இனிமே புடிச்ச வீட்டுலயே பன்னெண்டு வருஷம்."

"அப்போ எடு."

சகாயமேரி கையை நீட்டினாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். "கீழ்வீடு வந்தா? எம்புள்ளைங்க அத்தன மழைக்கும் தண்ணியிலயா படுக்கும்?"

வேறு எவரும் சீட்டைத் தொடவில்லை. வெயில் இறங்கும்வரை மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் இரண்டு பேர் முதல்மாடி வாசலை மறித்துப் பாயை விரித்துவிட்டார்கள். ஒருவன் கல்லை எடுத்தான்.

பொற்கொடி சட்டியைக் கீழே வைத்தாள்.

"எட்டாவது மாடிய நான் எடுத்துக்கறேன்," என்றாள்.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.