பத்துப் போத்தல் பால்

2007 ஜூலை 12, வியாழக்கிழமை. காலை 9.20.

அக்கரப்பத்தனைக்கு மேலே இருந்த தோட்டத்து மாட்டுப் பண்ணையில், மிருக வைத்தியர் ரோகினி தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். கண்டி ஆய்வுகூடத்தின் முடிவு வந்திருந்தது. பத்துப் பசுக்களின் பாலிலும் பற்றீரியா. ஒன்றுகூடத் தப்பவில்லை.

மடி நோய்க்குப் பழைய மருந்துகள் எடுபடாமல் போனபின் வந்தது அந்தப் புதிய நொதியம். பற்றீரியாவின் சுவரைத் தேடி அறுக்கும்படி மரபணு மாற்றத்தால் செய்யப்பட்டது. பரிசோதனையாக அதை அந்தப் பத்துப் பசுக்களுக்கும் போட்டிருந்தார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. மருந்து தோற்றதென்றால் பரிசோதனை நிற்கும். பத்துப் பசுக்களும் இறைச்சிக்குப் போகும்.

"சரிவரேல்லை, வடிவு," என்றார் ரோகினி.

சண்முகவடிவு பதினெட்டு வருடமாக அங்கே பால் கறப்பவள். அவள் ஒப்பவில்லை.

"சரிவந்திருக்குங்க டொக்டர். கல்லு மாதிரி இருந்த மடியெல்லாம் இளகிருச்சு. பாலுல கட்டி கட்டியாத் திரி இல்ல. ஒதைச்ச மாடுக நின்னு கறக்க விடுது. என் கை பொய் சொல்லாது."

"கிருமி கைக்குத் தெரியாதே."

"அப்ப அந்தப் பாலைக் காட்டுங்க."

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தப் பாலைப் பத்துப் போத்தல்களில் பிடித்து, மாடுகளின் பெயரை எழுதி ஒட்டியவள் வடிவு. 6.10க்குப் பெட்டியை அலுவலகத்துக்குக் கொண்டுபோனவர் ஆய்வு உதவியாளர் சஞ்சயன். ஏழு மணிக்கு ரோகினி பாதிப் பாலைக் குழாய்களில் எடுத்து, வான் சாரதி நிப்ராஸிடம் கண்டிக்குக் கொடுத்தனுப்பினார். மீதி அதே போத்தல்களில் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது.

9.45. வடிவு போத்தல்களை ஜன்னலோரம் வரிசையாக வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"டொக்டர், இது பத்து மாட்டுப் பால் இல்ல. ஒரே மாட்டுப் பால்."

"எப்பிடிச் சொல்றீங்கள்?"

"மேல கட்டியிருக்கிற ஏட்டைப் பாருங்க. பத்துலயும் ஒரே கனம், ஒரே மஞ்சள். நம்ம பத்தும் கறுப்பு வெள்ளை மாடு. ஏடு வெளுப்பா, ஒண்ணுக்கொண்ணு கூடக்குறைய இருக்கும். இப்படி மஞ்சளாக் கட்டுறது இங்க செவலை மட்டுந்தான்."

செவலை, தனிக் கொட்டிலில் நின்ற ஜெர்சி மாடு. மடி நோய் முற்றியது, பரிசோதனையில் இல்லாதது. நோய் பரவாமலிருக்க அதைக் கடைசியாகத்தான் கறப்பார்கள்.

ரோகினி எழுந்தார். "ஆரோ மாத்தியிருக்கினம்."

10.10. முதலில் நிப்ராஸ்.

"பெட்டிய நான் தொறக்கவே இல்ல டொக்டர்!"

"அவரு இல்லைங்க," என்றாள் வடிவு. "இங்க மிஞ்சின பாலே மாறியிருக்கு. வான் வர முந்தியே நடந்திருக்கு."

அடுத்து, தனிக் கொட்டிலுக்குப் பொறுப்பான காவலாளி கந்தப்பன்.

"செவ்வாக்கெழம ஆறரைக்கு எங்க இருந்தீங்க?" என்று வடிவு கேட்டாள்.

"புல்லுக்கட்டு தூக்கப் போயிருந்தேன். கொட்டில் தொறந்துதான் கெடந்துச்சு."

"அன்னிக்குச் செவலை அரை லீட்டர் கொறைச்சலாத்தான் கறந்துச்சு. நோவுன்னு நெனச்சு விட்டுட்டேன்," என்ற வடிவு ரோகினியிடம் திரும்பினாள். "கந்தப்பண்ணே சம்பளத்துக்கே கைநாட்டுத்தான் வைக்கிறாரு. இந்தப் போத்தலை வாசிங்க."

ஒன்பதாவது போத்தலில் எழுதியிருந்தது: லெட்சுமி.

"லெட்சுமிதானே?"

"நான் எழுதினது லெச்சுமி. நாங்க அப்படித்தான் கூப்பிடுறோம், அப்படித்தான் எழுதுவேன். இத எழுதினவரு என் எழுத்தைப் பாத்துப் போட்டிருக்காரு. ஆனா படிச்ச கை. பிழையா எழுத மனசு வரல."

அந்தப் பண்ணையில், வான் வருமுன் பெட்டியைத் தூக்கிய, எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான். கதவருகே நின்ற சஞ்சயன் உள்ளே வந்தார்.

"படியிலை வழுக்கி விழுந்திட்டன்," என்றார் மெல்ல. "பெட்டி உருண்டு எல்லாம் உடைஞ்சு போச்சு. ஓடிவந்து பாத்தா எல்லா மாடும் கறந்து முடிஞ்சுது. செவலையிலை மட்டும்தான் பால் இருந்தது. களஞ்சியத்திலை புதுப் போத்தல் எடுத்தன். அடுத்த கிழமை திரும்ப எடுப்பம்தானே எண்டு நினைச்சன். குழு இண்டைக்கே வருமெண்டு தெரியாது டொக்டர்."

"விழுந்தது பிழையில்லை, சஞ்சயன்," என்றார் ரோகினி. "பத்து மாட்டின்ரை உயிர் போற விசயத்தை மறைச்சதுதான் பிழை. குழுவுக்கு முன்னாலை நீங்களே சொல்லுங்கோ."

குழு வந்ததும் சஞ்சயன் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. பின்னேரம் 3.30க்கு, குழுவினர் ஐவரும் சேற்றில் நின்று பார்க்க, வடிவு மறுபடி பத்துப் போத்தல்களையும் நிரப்பினாள். லெச்சுமி என்று அழுத்தி எழுதினாள். பெட்டியைத் தூக்கி வானில் வைக்கும்வரை அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை, முற்பகல் 11.40.

தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த ரோகினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டு விரல்களைக் காட்டினார். எட்டுப் பசுக்களின் பால் சுத்தம். மற்ற இரண்டுக்கும் இன்னொரு தடவை மருந்து போட அனுமதி. வாசலில் நின்ற கந்தப்பன் உரக்கச் சிரித்தான். நிப்ராஸ் வான் ஹோர்னை அடித்தான். சஞ்சயன் வடிவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பாலைப் பார்த்தே கண்டுபிடித்த அந்த ஆய்வாளர் யார்?" என்று மறுமுனையில் கேட்டார் ஆய்வுகூடத் தலைவர்.

ரோகினி ரிசீவரை வடிவிடம் நீட்டினார்.

வடிவு கையை முந்தானையில் துடைத்து வாங்கிக்கொண்டாள்.

"நான் சண்முகவடிவு பேசுறேங்க. ஆய்வாளர் இல்லைங்க, இங்க பால் கறக்கிறவ." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவள் நிமிர்ந்து நின்றாள்.

"ஆமாங்க, பாத்தாலே சொல்லிருவேன். சந்தேகமான பால் வேற இருந்தா அனுப்பி வைங்க."