அண்ணன் மிதித்த பலகை

"அய்யோ... அண்ணா!"

காலை வேலைக்கு வந்தவளின் அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

தன் சொந்தத் தொழிற்கூடத்தின் தரையில் அண்ணன் கிடந்தான். உயிர் இல்லை. தலைக்கு மேல், இருபதடி உயர நடைபாதையில் ஒரு பலகை அளவுக்கு ஓட்டை. பக்கத்தில் இரண்டாக உடைந்த மூன்றடிப் பலகை!

வாழைநாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, மக்கும் பிளாஸ்டிக்கோடு சேர்த்து அழுத்திய பலகை. அவளுடைய கண்டுபிடிப்பு. அதை முதலில் மிதித்துக் காட்டியவனே அண்ணன்தான்.

"தங்கச்சி செஞ்ச பலகை சார்," என்று, விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் மூக்கை உறிஞ்சினார் மேனேஜர். "வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். முதலாளி கேட்டாத்தானே?"

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஸ்டேஷனுக்கு வாம்மா."

"நான்தான் சார் கொன்னுட்டேன்... என்னை நம்பித்தானே ஏறினான்..."

கதறியபடியே உடைந்த துண்டை எடுத்தாள்.

அழுகை சட்டென்று நின்றது.

உடைந்த முனையில் நார்கள் விரல் நீளத்துக்கு, வழுவழுவென்று நீட்டிக்கொண்டிருந்தன.

"சார்... இது மேல இருந்த பலகையே இல்ல!"

"என்னம்மா சொல்றே?"

"சோடாவுல ஊறின நார் பிளாஸ்டிக்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். உடைஞ்சா ரெண்டும் சேர்ந்து உடையும். இதுல நார் உருவிக்கிட்டு வந்திருக்கு பாருங்க... சோடாவே படாத நார்! ஒப்பிட்டுப் பாக்க ஒவ்வொரு தடவையும் இப்படி ஒண்ணு செய்வேன். திங்கக்கிழமை நானே மெஷின்ல உடைச்சு, அலமாரியில வச்சுப் பூட்டினேன்!"

"துக்கத்துல உளறுது சார்..." மேனேஜர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு... இவர்கிட்ட ஒண்ணு!"

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, கான்ஸ்டபிள் ஓடினார்.

ஐந்தே நிமிடம். மேனேஜரின் கார் டிக்கியிலிருந்து ஒரு முழுப் பலகையை இறக்கினார். மேலெல்லாம் கோடாலித் தழும்பு. ஆனால் உடையவில்லை!

மேனேஜர் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

"ஃபார்முலாவை நான் வெளியில வித்தது முதலாளிக்குத் தெரிஞ்சுபோச்சு... மேலேர்ந்து தள்ளிட்டேன். பலகை உடைஞ்சு விழுந்த மாதிரி காட்டலாம்னு பார்த்தா... பத்து நிமிஷம் வெட்டினேன் சார், உடையவே மாட்டேங்குது! அதான் அலமாரியில உடைஞ்சு கிடந்ததை..."

அவள் அந்தப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அண்ணனை அது கைவிடவில்லை. அந்த நினைப்பில் இன்னும் பெரிதாக அழுதாள்.

விலங்கை மாட்டிய இன்ஸ்பெக்டர், மேனேஜரின் தோளைத் தட்டினார்.

"பலகையை நல்லா டெஸ்ட் பண்ணிட்டீங்க மேனேஜர் சார்... அடுத்து எங்க லாக்கப் கம்பி! எத்தனை வருஷம் வேணும்னாலும் எடுத்துக்குங்க!"