ஏழாம் வளையத்துத் தொடுதகடு

நிலவில் மூடநம்பிக்கை கிடையாது. இது நன்மாறன் கண்டுபிடித்த உண்மை. கண்டுபிடித்த நாளிலிருந்து அவன் இதை யாரிடமும் மறைத்ததில்லை. பூமியிலிருந்து புறப்பட்ட முதல் குடியேறிகளுக்குத் தலைக்குப் பதினெட்டுக் கிலோ சுமைதான் அனுமதி. அந்தப் பதினெட்டில் எலுமிச்சம்பழம், பூசணிக்காய், கறுப்புக் கயிறு, ராகுகாலம் எதுவும் ஏறவில்லை. ஆகவே, காரணம் தெரியாமல் ஒரு காரியமும் செய்யாத சமுதாயம் ஒன்று மனித வரலாற்றில் முதன்முறையாக வெண்குழி நகரில் உருவாகிவிட்டது. உள்ளூர் ஒலிபரப்பில் வாரந்தோறும் தனக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் அவன் இதைத்தான் சொல்லிவந்தான்.

கேட்டவர்கள் தலையாட்டி ஆமோதித்தார்கள். பிறகு வேலைக்குக் கிளம்பி, வாசலில் இருந்த தொடுதகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

தொடுதகடு என்பது உள்ளங்கை அகலச் செப்புத் தகடு. நிலவுத் தூசியில் மின்னேற்றம் உண்டு. வெளியே போய் வருகிறவர் உடம்பில் அது ஏறிவிட்டால், எதையாவது தொடும்போது பொறி தட்டும். அடைத்த காற்றுக்குள் வாழும் ஊரில் பொறி தட்டுவது நல்லதல்ல. அதனால் ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ஒரு தகடு. அதன் பின்னாலிருந்து ஒரு எர்த் கம்பி போய் ஊரின் எஃகுச் சட்டகத்தில் சேரும். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஒரு விரலால் தொட வேண்டும் என்பது விதி. கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று விதியில் இல்லை. அது தானாக வந்தது. அதற்கப்புறம் சந்தனம் வந்தது. நீர்ப்பண்ணையில் செவ்வந்தி பூக்க ஆரம்பித்ததும் பூவும் வந்தது.

நன்மாறன் சுவிட்சை அழுத்துவதுபோல் ஒரு விரல் வைத்து, சந்தனத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போவான். அவன் வீட்டு ஏவலன் அப்படியல்ல. வெண்குழியில் வீட்டு வேலை பார்க்கும் இயந்திரங்களுக்கு ஏவலன் என்று பெயர். இவன் வீட்டு ஏவலனுக்குச் சிங்காரம் என்று பெயர். அது அக்கம்பக்கம் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வகை. தகட்டைத் தொட்டு, அந்த விரலைத் தன் கேமரா கண்ணாடியில் ஒற்றிக்கொள்ளும். கண்ணாடியில் சந்தனம் அப்பிக்கொள்ள, நேரே போய்ச் சுவரில் முட்டும்.

“உனக்கு எதுக்குடா இந்த வேலை?”

“எல்லாரும் செய்றாங்கண்ணே. செய்யாதவர் நீங்க ஒருத்தர்தான். ஒரு ஆள வச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது.”

நன்மாறனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அப்போது அவனுக்கு அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. அது அவனுடைய மின்கிதார்.

மூன்று வருடம் உட்கார்ந்து அவன் தன் கையாலேயே செய்தது அது. உடல், தரையிறங்கி உடைந்துபோன சரக்குக்கலம் ஒன்றின் கால். தந்திகள், யாரோ கழித்துப்போட்ட இழுவைக் கம்பியிலிருந்து பிரித்த இழைகள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு, செத்துப்போன தண்ணீர் மோட்டாரின் கம்பியை மயிரிழை மயிரிழையாகப் பிரித்து ஏழாயிரம் சுற்றுச் சுற்றியிருந்தான். சுற்று எண்ணிக்கை தப்பியபோது முதலிலிருந்து சுற்றியிருக்கிறான். வாசித்தால் தேன். வாசிப்பதை நிறுத்தித் தந்தியிலிருந்து கையை எடுத்தால் மட்டும் ஒலிபெருக்கியிலிருந்து ‘ஙொய்ய்ய்’ என்று ஒரு இரைச்சல் கிளம்பும். மறுபடி தந்தியைத் தொட்டால் அடங்கும்.

வேறு ஊராக இருந்தால் கையை எடுக்காமலே காலத்தை ஓட்டிவிடலாம். வெண்குழியில் உலோகத் தணிக்கை என்று ஒன்று உண்டு. அங்கே உலோகம் தங்கத்தைவிட அருமை. ஒவ்வொரு வீட்டிலும் உலோகம் கலந்த பொருள் எதுவானாலும் ஆண்டுக்கொரு முறை தணிக்கைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒழுங்காக இயங்கினால் முத்திரை, பழுதென்றால் உலை. மின்கருவியாக இருந்தால், கை படாமல் சும்மா வைத்தபோது இரையக் கூடாது. போன வருடம்வரை ஒரு வயதான அதிகாரி காது கொடுத்துக் கேட்டுவந்தார். அவருக்கு அந்தக் காது கேட்காது என்பதால் ஊரே தேறிக்கொண்டிருந்தது. இந்த வருடம் அவருக்குப் பதிலாக இரைச்சல்மானி என்றொரு இயந்திரம் வந்துவிட்டது. தணிக்கைக்கு இன்னும் ஒரு வாரம். அதற்குள் இரைச்சல் போகாவிட்டால் மூன்று வருட உழைப்பு ஏதாவதொரு கழிவறைக் கதவுக்குக் கீலாகப் போய்ச் சேரும்.

நன்மாறன் காரண காரியத்தோடு வேலையை ஆரம்பித்தான். முதலில் ஒயரை மாற்றினான். இரைந்தது. கிதாரில் ஒயர் செருகும் இடத்தில் இருந்த பற்றவைப்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தான். இரைந்தது. கிதாரின் உள்ளறை முழுக்க உணவுப் பொட்டலத்தின் வெள்ளித் தாளை ஒட்டி, அதைத் தந்திகளின் எர்த்தோடு இணைத்தான். கொஞ்சம் தணிந்த மாதிரி பாவனை செய்துவிட்டு இரைந்தது. கிதாரைப் பிடித்துக்கொண்டு திசை திசையாகத் திரும்பி உட்கார்ந்து பார்த்தான். கிழக்கே திரும்பியபோது பாதியாகக் குறைந்தது.

கதவு திறந்திருந்ததால் எதிர்வீட்டு ஜமுனாராணி எட்டிப் பார்த்தார். ஏழாம் வளையக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர்தான்.

“கெழக்க பாத்து ஒக்காந்தா நல்லதுதான் தம்பி.”

“அக்கா, இது வாஸ்து இல்ல. சுருள் எந்தப் பக்கம் பாக்குதோ அதுக்கேத்த மாதிரி இரைச்சல் மாறும்.”

“அதத்தானே நானும் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே விளக்குகளை அணைத்தான். குளிர்பெட்டியை அணைத்தான். சந்தேகத்தின் பேரில் சிங்காரத்தையும் அணைத்துப் பார்த்தான். இருட்டில், வேர்வையில், கிதார் மட்டும் நிம்மதியாக இரைந்துகொண்டிருந்தது. மீதியிருந்த ஒரே சந்தேகம் சுவர்தான். பெருக்கியைச் செருகும் இடத்தில் மூன்றாவது துளை எர்த்துக்கானது; அதுவும் தொடுதகடும் ஒரே கம்பியில்தான் சேர வேண்டும். மீட்டரை வைத்துப் பார்த்தான். முள் அசையவில்லை. சிங்காரத்தை உயிர்ப்பித்து, விளக்குப் பிடிக்கச் சொல்லி, வாசல் தகட்டைக் கழற்றினான்.

பின்னால் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் கம்பி. அது எங்கும் போகவில்லை. அதன் நுனியை டேப்பால் நேர்த்தியாகச் சுற்றி, ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். ‘தற்காலிகம்.’ சீட்டில் இருந்த தேதி, நன்மாறன் பிறப்பதற்கு முந்தையது.

தாழ்வாரத்தில் இன்னும் நான்கு தகடுகளைக் கழற்றினான். நான்கிலும் அதே சாண் கம்பி, அதே தற்காலிகம்.

மறுநாள் மின்பராமரிப்பு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் சூசைராஜ் முன்னால் போய் அந்தத் தகட்டை மேசைமேல் ‘ணங்’கென்று வைத்தான்.

“அடடா, கழட்டிட்டீங்களா?” என்றார் சூசைராஜ், உடைந்த பாத்திரத்தைப் பார்ப்பதுபோல்.

“இதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல சார்!”

“எப்படி இருக்கும்? ஊர் கட்டுனப்ப செப்புக் கம்பி பத்தல. திறப்பு விழா வந்துடுச்சு. தகட மட்டும் மாட்டி வைப்போம், கம்பி பிற்பாடு பாத்துக்கலாம்னாங்க. அதுக்குள்ள காத்துல ஈரப்பதத்தக் கூட்டிட்டாங்க. ஈரம் இருந்தா மின்னேத்தம் நிக்காது. பொறியும் தட்டாது.”

“அப்ப தகடே தேவையில்லையே!”

“தேவையில்லதான். ஆனா தேவையில்லன்னு யாரு கையெழுத்துப் போடுறது?”

“ஊர் மொத்தமும் வெறுஞ்சுவரத் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டு இருக்கு. உங்களுக்கு உறுத்தலயா?”

“தம்பி, இத்தன வருஷத்துல ஒரு விபத்து உண்டா? இல்ல. அப்ப அது வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?”

“தொடாம இருந்தாலும் விபத்து நடந்திருக்காது சார்!”

“அத எப்படிச் சொல்றீங்க? தொடாம யாரு இருந்தா?”

நன்மாறன் குரலைத் தாழ்த்தினான். “போகட்டும் சார். வர்ற தணிக்கைக்கு அந்தக் கூடத்துக்காவது ஒரு எர்த் இணைச்சுக் குடுங்க. என் கிதார் போயிரும்.”

“கூடத்துக்குக் குடுத்தா பள்ளிக்கூடம் கேக்கும். அப்புறம் ஒவ்வொரு வீடும் கேக்கும். செப்புக்கு எங்க போறது? உங்க கிதார உருக்கினாத்தான் உண்டு.” சூசைராஜ் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. பேச்சு முடிந்ததென்று எழுந்து டீ குடிக்கக் கிளம்பியவர், தன் அறை வாசல் தகட்டைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு போனார்.

சொந்தமாக ஒரு கம்பி இழுத்துக்கொள்ளலாம் என்றால், அது வீட்டோடு சரி. கூடத்துக்கு அனுமதியில்லாத கம்பி கொண்டுபோனால் கிதாருக்கு முன்னால் கம்பி உலைக்குப் போகும். ஊரே சேர்ந்து கேட்டால் ஒழிய வழியில்லை. அன்று மாலை குடியிருப்போர் கூட்டத்தில் நன்மாறன் எழுந்து நின்றான். தகட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, பின்னால் தொங்கிய சாண் கம்பியை எல்லோருக்கும் காட்டினான். சூசைராஜ் சொன்னதைச் சொன்னான். கூட்டம் மூச்சுவிடவில்லை. உண்மை வேலை செய்கிறது என்று நினைத்தான்.

“செருப்புக் காலோடயா கழட்டினே?” என்று கேட்டார் ஜமுனாராணி.

“அக்கா, கம்பி இல்லைங்கிறேன்!”

பின்வரிசையிலிருந்து பரமதயாளன் எழுந்தார். நீர்ப்பண்ணையில் தக்காளிப் பிரிவு மேற்பார்வையாளர். “எம்பையனுக்கு ரெண்டு வருஷம் வேலை கெடைக்கல. இந்தத் தகட்டத்தான் காலையும் சாயங்காலமும் தொட்டுட்டுப் போனான். கெடைச்சுதா இல்லையா?”

“மாமா, அவன வேலைக்கு வச்சதே நீங்கதானே! தகட்டுக்குள்ள ஒண்ணுமே இல்ல!”

“ஒண்ணுமே இல்லாமலே இவ்வளவு செஞ்சிருக்கு பாத்தியா? அதான்யா சக்தி!”

கூட்டம் கைதட்டியது. கழற்றிய ஐந்து தகடுகளையும் சந்தனக் காப்போடு திரும்பப் பொருத்த வேண்டும், சந்தனத்தை நன்மாறன் அரைத்துத் தர வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

“நல்லா கேட்டுக்கங்க!” நன்மாறன் தகட்டைக் கீழே வைத்தான். “இனி செத்தாலும் என் விரல் இந்தத் தகட்டுல படாது! எந்தத் தகட்டுலயும் படாது!”

வீட்டாரின் முக்கியமான பேச்சுகளைப் பதிந்துவைப்பது ஏவலன்களின் கடமை. சிங்காரம் பதிந்துகொண்டது.

தணிக்கை நாள் வந்தது. கூடத்து வாசலில் நீண்ட வரிசை. அங்கிருந்த தகடு ஊரிலேயே பெரியது. செவ்வந்திக்குள் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. தையல் இயந்திரத்தோடும் தோசைக்கல்லோடும் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டு, ஒற்றி, முணுமுணுத்து உள்ளே போனார்கள். நன்மாறன் இடது கையில் கிதார், வலது கையில் பெருக்கி, நெஞ்சு நிறையக் கோபத்தோடு தகட்டைத் திரும்பியும் பாராமல் வாசலைக் கடந்தான். கடக்கும்போது பின்னால் குக்கரோடு வந்தவர் இடிக்க, தடுமாறி, அவனுடைய வலது முழங்கை போய்ப் பூவுக்குள் புதைந்தது. ஒரு நொடிதான். உடனே இழுத்துக்கொண்டான். கூட வந்த சிங்காரத்தைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

உள்ளே ஒரு இளம் பெண் அதிகாரி இருந்தார். அவருக்குப் பக்கத்தில், குளிர்பெட்டி உயரத்துக்கு இரைச்சல்மானி. பெருக்கியைச் செருகி, கிதாரை மேசைமேல் வைத்தான்.

“கையை எடுங்க.”

எடுத்தான். ‘ஙொய்ய்ய்’ என்றது. மூன்று வருடமும் சேர்ந்து இரைவதுபோல் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நன்மாறன் கண்ணை மூடிக்கொண்டான்.

“இரைச்சல் பூஜ்யம்” என்றார் அதிகாரி. முத்திரை குத்தும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தான். மானியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிதார் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

அவனால் பொறுக்க முடியவில்லை. “மேடம், இரையுதே!”

“மெஷின் இல்லைங்குது. உங்களுக்கு என்ன, உருக்கணுமா?”

“வேணாம் வேணாம்” என்று கிதாரை வாரிக்கொண்டு, பெருக்கியைச் சிங்காரத்திடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.

வழியெல்லாம் அதைப் பற்றியே யோசித்தான். ஏழாம் வளையத்துக்குத் திரும்பும் முனையில் விடை கிடைத்தது. மகிழ்ச்சியில் நின்றேவிட்டான்.

“சிங்காரம், இங்க பாரு. அந்த மானி முதல்ல காலிக் கூடத்தக் கேட்டு வச்சுக்கும். அப்புறம் பொருள் போடுற சத்தத்துல அதக் கழிச்சுட்டு மீதியச் சொல்லும். மானியும் அதே கூடத்துச் சுவர்லதான் சொருகியிருக்கு. அதுக்கும் எர்த் இல்ல. அதுக்குள்ளயும் இதே ‘ஙொய்’தான் ஓடிட்டு இருக்கு. ‘ஙொய்’யில இருந்து ‘ஙொய்’யக் கழிச்சா என்ன வரும்?”

“பூஜ்யம்ணே.”

“அவ்ளோதான். சுத்தமான காரண காரியம். தகட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

“இல்லண்ணே. முழங்கை பட்டது தற்செயல்.”

நன்மாறன் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தான்.

“எந்த முழங்கை?”

“வலதுண்ணே.”

வீட்டு வாசலில், அவனே அரைத்துக் கொடுத்த சந்தனத்தோடு தகடு பளபளத்தது. சிங்காரம் தொட்டது, கண்ணாடியில் ஒற்றியது, உள்ளே போனது, முட்டியது. நன்மாறன் வெளியிலேயே நின்றான். அடுத்த வருடமும் தணிக்கை உண்டு. அதற்குள் எந்தப் பிரகஸ்பதியாவது கூடத்துக்கு எர்த் கொடுத்து மானியைச் சரிசெய்துவிடலாம். தாழ்வாரத்தின் இந்தக் கோடியைப் பார்த்தான், அந்தக் கோடியைப் பார்த்தான். ஜமுனாராணியின் கதவு சாத்தியிருந்தது.

அவன் சொன்ன சொல் தவறாதவன். விரல் படாது என்றுதான் கூட்டத்தில் சொல்லியிருந்தான்.

கிதாரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, செருப்பைச் சரிசெய்கிறவன்போல் ஒருக்களித்துச் சாய்ந்து, வலது முழங்கையைத் தகட்டின்மேல் வைத்தான். பிறகு அதைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பார்த்தான். மனித உடம்பில் அதற்கு வசதி இல்லை. அதனால் முழங்கையில் ஒட்டிய சந்தனத்தை இரண்டு விரலால் தொட்டு, வலது கண்ணில் ஒற்றினான், இடது கண்ணில் ஒற்றினான். உள்ளே போகக் காலெடுத்து வைத்தவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கூடத்தில் முழங்கை கொஞ்சம் அழுத்தமாகப் பட்டது.

திரும்பி வந்து, இன்னொரு முறை, அழுத்தி வைத்தான்.