வெள்ளிக்கிழமை பிடிபட்ட பாரை

ட்ரிங்...!

மேசை மீதிருந்த போன் அலறியது. றிபா எடுத்தாள்.

"புள்ள... இண்டைக்கு ஒரு கொலை நடக்கப் போகுது!"

குரல் மீராமுகைதீனுடையது. சாய்ந்தமருதில் கரைவலை வைத்திருப்பவர். ஆயுளில் மிஸ்கோலைத் தவிர வேறெதையும் கொடுத்தறியாதவர்!

"மாமா! காசு குடுத்துக் கோல் எடுத்திரிக்கீங்க... அப்ப மெய்யாவே கொலைதான். யாரை?"

"ஒன்ட நம்பரை! போன் கொம்பனி மெனேஜர் ஷிப்லி பொலிஸோட வாறான். ஜும்மாத் தொழுகைக்கு முதல் முடிச்சிருவானாம்!"

றிபா போனை வைத்தாள். கடிகாரம் பதினொன்று ஐம்பது காட்டியது.

அவளுடைய போன் திருத்தும் கடையின் மூலையில் ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ளே ஆறு கிழட்டுப் போன்கள், ஒரு குட்டிக் கணினி. வலை கரையேறியதும் மீராமுகைதீன் அதற்கு மிஸ்கோலிலேயே சேதி சொல்வார். மீன் வியாபாரிகள் அந்த நம்பருக்கு மிஸ்கோல் கொடுப்பார்கள். டின் திருப்பி அடிக்கும்.

ஒரு தரம் அடித்தால் கீரி மீன். இரண்டு தரம் என்றால் சூடை. மூன்று தரம், பாரை. அடிக்கவே இல்லையா... வெறும் வலை!

யாரும் போனை எடுப்பதில்லை. எடுக்காத கோலுக்குக் காசில்லை. மாவடிப்பள்ளி, சம்மாந்துறை என்று ஊருக்கு ஊர் இருநூறு வியாபாரிகள் வீணாகக் கரைக்கு வந்து பெற்றோல் எரிக்காமல் பிழைத்தார்கள்.

நீலச்சிறகு போன் கொம்பனிக்குத்தான் தூக்கம் வரவில்லை. போன மாதம் அதுவும் 'கடல்மணி' என்று ஒரு சேவை தொடங்கியது. அதே கரை, அதே மீன். மெசேஜ் ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய்!

றிபா கணினித் திரையைப் பார்த்தாள். 77இல் முடியும் ஒரு நம்பர். ஒரு மாதமாக, மணிக்கு ஒரு மிஸ்கோல். ஒவ்வொரு மணியும் சரியாகப் பத்தாவது நிமிடத்தில்!

எந்த மனிதன் இவ்வளவு ஒழுங்காக மீன் விசாரிப்பான்?

விசைகளில் எதையோ தட்டினாள். மெல்லச் சிரித்தாள்.

வாசலில் ஜீப் நின்றது.

முதலில் ஷிப்லியின் டை உள்ளே வந்தது. பிறகு ஷிப்லி. பின்னால் இன்ஸ்பெக்டர் சுஜிந்தன்.

"சேர், இதுதான் அந்த டின்! எங்கட டவர்ல ஓசி யாவாரம்!"

"யாவாரமா? ஒரு சதம் வாங்கினனா, ஷிப்லி நானா?"

"வாங்காட்டி அது ஒன்ட தலைவிதி. எங்கட நெட்வேர்க்ல சேவை நடத்துறதெண்டா வருமானத்தில எழுபது வீதம் எங்களுக்கு!"

"சைபர்ல எழுபது வீதம்தானே? அள்ளிட்டுப் போங்க... பை கொண்டுவந்தீங்களா?"

சுஜிந்தன் இருமிச் சிரிப்பை மறைத்தார்.

"பிள்ளை, பகிடியை விடுங்க. கடல்மணிட தகவலை நீங்க களவெடுக்கிறதா முறைப்பாடு. டின்னைக் கொண்டுபோகணும். பின்னேரம் நம்பரையும் வெட்டிருவாங்க."

றிபா டின்னைப் பார்த்தாள். இரண்டு வருட உழைப்பு... ஒரு ஜீப்பில் ஏறப் போகிறது!

"நானா, கடல்மணிக்கு மீன் சேதி எங்கால வருகுது?"

"கரையில எங்கட ஆக்கள் நிக்கிறாங்க. கண்ணால பாத்துத்தான் அனுப்புறாங்க."

"சேர், அதை எழுதிக்கொள்ளுங்க."

சுஜிந்தன் எழுதினார். ஷிப்லி அலட்சியமாகக் கையெழுத்துப் போட்டான்.

"இப்ப டின்னைத் தூக்கலாமா சேர்? ஜும்மாவுக்கு நேரமாகுது."

"ரெண்டே ரெண்டு நிமிசம்," என்றாள் றிபா.

மீராமுகைதீன் வெள்ளைத் தொப்பியும் அத்தர் மணமுமாக மூச்சிரைக்க வந்து நின்றார். அதே நேரம் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது.

பன்னிரண்டு பத்து!

டின் நடுங்கியது. 77!

டின் திருப்பி அடித்தது. ஒன்று... இரண்டு... மூன்று.

பாங்கு ஓய்ந்தது. தெருவில் ஒரு கடையின் கதவு இழுத்து மூடப்பட்டது. அதன்பின் அந்தச் சத்தமும் இல்லை.

டிங்!

சுஜிந்தனின் சட்டைப் பையிலிருந்து வந்தது. எடுத்து வாசித்தார்.

"'சாய்ந்தமருதுக் கரையில் பாரை குவிகிறது! விரைந்து வாருங்கள். கட்டணம் பதினைந்து ரூபாய். கடல்மணி.'"

ஷிப்லியின் முகம் வெளிறியது. ஊரான் அல்லவா? அவனுக்கு முதலில் விளங்கிவிட்டது.

"மாமா, ஒங்கட வலையில பாரையா?" றிபா அப்பாவியாகக் கேட்டாள்.

"பாரையா! என்ட வலை மணல்ல காயுது புள்ள! வெள்ளிக்கிழமை, ஜும்மா முடியாம இந்தக் கரையில எவன் வலை இழுக்கிறான்?"

"கேட்டீங்களா சேர்? அந்த 77க்கு மட்டும் மூண்டு தரம் அடிக்கச் சொல்லி வெச்சன். கொம்பனிட கணினி என்ட டின்னைக் கேட்டுத்தான் ஊருக்கே விக்கிது. கரையில ஆளுமில்ல, கண்ணுமில்ல. பாவம், அதுக்கு வெள்ளிக்கிழமையும் தெரியா!"

"சேர்... இது ஒரு டெக்னிக்கல் பிழை..."

சுஜிந்தன் நிமிர்ந்தார். குரல் மிக மெதுவாக வந்தது.

"தம்பி, நான் காரைதீவான். வெள்ளிக்கிழமையில எங்கட வீட்டில விரதம், மீன் மச்சமே இல்ல. எனக்கு எதுக்குப் பாரை?"

"சேர்..."

"இந்தச் சேவையை நான் கேக்கவே இல்லையே! விளம்பரமெண்டு நினைச்சு ஒரு மாசமா அழிச்சுக்கொண்டிருந்தன். ரீலோட் காசு எங்க போகுதெண்டு வீட்டில மனிசி என்னைத்தான் சந்தேகப்பட்டவ!"

புத்தகத்தில் புதுப் பக்கம் புரட்டினார்.

"முறைப்பாட்டுக்காரர்... சுஜிந்தன். எதிராளி... ம், முழுப்பேரைச் சொல்லும்!"

ஷிப்லி டையைத் தளர்த்திக்கொண்டு றிபாவின் பக்கம் குனிந்தான்.

"தங்கச்சி... கொம்பனில பெரிய வேலை தாறம். டின்னோட வா. சரியெண்டு ஒரு வார்த்தை சொல்லு!"

றிபா டின்னின் மூடியை அழுத்தி மூடினாள்.

"யோசிச்சிட்டு மிஸ்கோல் தாறன் நானா. போனைப் பாத்துக்கிட்டே இரிங்க. அடிக்காட்டி... வெறும் வலை!"