இடப்பக்கத்து மூச்சு

அம்மாவின் இடப்பக்கத்தில் எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது. அந்த நுரையீரலைப் புற்றுநோய்க்காக எடுத்துவிட்டார்கள். ஆனாலும் நர்சிங் படிக்கும் மகளைக் கல்லூரிப் பழக்கம் விடவில்லை. வலப்பக்கம் ஒரு முழு மூச்சைக் கேட்டால், இடப்பக்கம் அதே இடத்தில் வைத்து ஒப்பிட்டே ஆகவேண்டும். தினமும் மாலையில் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்கி, தைல வாசனையும் வியர்வையும் கலந்த அந்த முதுகில் வைப்பாள்.

"காலி வீட்டுல என்னத்தடி தேடுற?" என்று அம்மா கிண்டலடிப்பாள்.

ஒரு மாலை அந்தக் காலி வீட்டில் ஆள் இருந்தது. அடுத்த அறையில் யாரோ தூங்குவதுபோல மெல்லிய இழுப்பு.

டாக்டருக்குப் போன் போட்டாள். வலது நுரையீரலின் சத்தம் அந்தப் பக்கமும் கேட்பதுண்டு, கவலைப்பட வேண்டாம் என்றார். நிம்மதியாக இருந்தது. மறுநாள் கூர்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது. வலது இழுக்கும்போது இடது விட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மூச்ச அடக்கும்மா."

அம்மா அடக்கினாள். வலது நின்றது. இடது நிற்கவில்லை.

"என்னடி, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கு."

அதைக் கேட்டு அம்மாவின் முகம் மலர்ந்தது.

பிறகு வலது நுரையீரலின் அடியில், காதருகே முடியைத் தேய்ப்பதுபோன்ற நெறுநெறுப்பு தொடங்கியது. மருந்தை மாற்றினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். நெறுநெறுப்பு மேலே ஏற ஏற அம்மா தலையணையில் சாய்ந்தபடியே மெலிந்துபோனாள். இடது மட்டும் நாளுக்கு நாள் ஆழமாக, வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தவனின் மூச்சாக வளர்ந்தது. அப்பாவிடமா, டாக்டரிடமா, யாரிடம் சொல்வது? பெற்றவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

ஒரு மதியம் அம்மா போய்விட்டாள். டாக்டர் நாடி பார்த்து, கண்ணில் டார்ச் அடித்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அவள் ஸ்டெதஸ்கோப்பை முதுகுக்கு அடியில் நுழைத்தாள்.

வலது. அமைதி.

இடது.

இழுப்பு. விடுதல். இழுப்பு.

மூக்கருகே விரல் வைத்தாள். காற்றில்லை. உதடு நீலம். கை சில்லிட்டிருந்தது.

அது அம்மா இல்லை என்று அவளுக்குத் தெரியும். அம்மாவைத் தின்றது அதுதான் என்றும் தெரியும். ஆனால் அந்த உடம்பில் மிச்சமிருந்த ஒரே மூச்சு அதுதானே. காதிலிருந்து கழற்ற மனம் வராமல் தேம்பித் தேம்பி அழுதாள்.

"போதும்மா, விடு. அவ போயிட்டா," என்று அப்பா அவள் தோளைத் தொட்டார்.

வெள்ளைப் போர்வையை முகம்வரை இழுத்து மூடிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். போர்வையின் வலப்பாதி அசையாமல் கிடந்தது. இடப்பாதி மெல்ல எழுந்தது.