ஓட்டை வள்ளத்தில் ஒரு புருஷன்

ஃபோன் அலறியது!

கனடாவில், ஸ்காபரோ வீட்டின் சமையலறையில் இரண்டு பேர் துள்ளி எழுந்தார்கள்.

ஒருத்தி துர்க்கா. ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி.

மற்றவர் அன்புராசா. ஸ்ரீஸ்கந்தராசாவின் கடையில் பார்ட்னர். கடைக்கு வெளியேயும் பங்கு எடுத்துக்கொண்டவர்!

"ஸ்கொட்லாந்து நம்பர்!" துர்க்காவின் குரல் நடுங்கியது.

"எடும்... ஸ்பீக்கரில போடும்!"

"றொபேட் கதைக்கிறன், மேடம். வேலை முடிஞ்சுது."

அவன் பேசியது இங்கிலீஷில். உங்களுக்காகத்தான் தமிழ்!

றொபேட், ஸ்கொட்லாந்தில் ஓர் ஏரிக்கரையில் முந்நூறு வருடமாக நிற்கும் கல் விடுதியின் மானேஜர். போன கோடையில் புருஷனும் பெண்சாதியும் அங்கே போய்த் தங்கினார்கள். துர்க்காவுக்குக் குளிரில் தடிமன் பிடித்தது. ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பைத்தியம் பிடித்தது. ஸ்காபரோ வீட்டை விற்று, அந்த விடுதியை வாங்கி, சாகும்வரை அங்கேயே இருப்பதென்று முடிவு கட்டிவிட்டார்.

'சாகும்வரை' என்ற சொல்லை மட்டும் துர்க்கா பிடித்துக்கொண்டாள்!

'வாங்கினவுடன முதல் உன்னைத்தான் வேலையால கலைப்பார்' என்று றொபேட்டின் காதில் ஓதினாள். அவன் தலையாட்டினான். இந்த முறை ஸ்ரீஸ்கந்தராசா தனியாக விடுதி பார்க்கப் போனார்.

"எப்பிடி முடிஞ்சுது?" துர்க்கா கேட்டாள்.

"தூண்டிலோட வள்ளத்தில ஏறினார்... நடு ஏரியில மூழ்கித் தாண்டிட்டார். வள்ளத்தின்ர அடியில ஓட்டை போடச் சொல்லித்தானே சொன்னீங்கள், மேடம்? நான் பிழையா விளங்கேல்லையே?"

"ஓம், ஓம்! அதைத்தான் சொன்னனான்! கத்தினவரோ?"

"உங்கட பேரைச் சொல்லித்தான் கத்தினார்."

துர்க்கா கதிரையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனுஷன்... கண்ணைத் துடைத்தாள்.

அன்புராசா அவள் தோளை அமத்தினார். "இப்ப அழாதையும். சனம் வரேக்க தேவைப்படும்!"

டிங்... டாங்!

அன்புராசா திரையை விலக்கிப் பார்த்தார். முகம் வெளிறியது.

"பொலிஸ்! அதுக்கிடையில செய்தி வந்திட்டுதோ?"

அவர் கீழே பேஸ்மென்றுக்குப் பாய்ந்தார். துர்க்கா ஃபோனை வைத்தாள். வெங்காயத்தைக் கண்ணில் தேய்த்தாள். தலைமுடியைக் கலைத்தாள். கதவைத் திறந்தாள்.

"ஐயோ! என்ர மனுஷன் ஏரிக்குள்ள போயிட்டாரே!"

வாசலில் நின்ற பொலிஸ்காரி நடாஷா, இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

"அன்ரி, ப்ளீஸ்... நான் இன்னும் ஒண்டுமே சொல்லேல்லையே!"

துர்க்காவின் ஒப்பாரி பாதியில் நின்றது.

நடாஷாவின் பின்னால் றொபேட்! கையில் ஃபோன்!

அவன் கூப்பிட்டது ஏரிக்கரையில் இருந்தல்ல. வாசலில் நின்ற பொலிஸ் காருக்குள் இருந்து!

அவனுக்கும் பின்னால்... ஸ்ரீஸ்கந்தராசா! ஒரு சொட்டுக்கூட நனையாமல்!

"நீங்கள்... தாழேல்லையோ?"

"வள்ளத்தில ஏறினாத்தானே தாழ! நீர் சொன்னதை றொபேட் அப்பவே என்னட்டைச் சொல்லிட்டான். அந்த விடுதியில ஏற்கெனவே அஞ்சு பேயாம். ஆறாவதுக்கு அறை இல்லையாம்!"

நடாஷா விலங்கை எடுத்தாள். "நீங்கள் கதைச்சது முழுக்க ரெக்கோர்டிங்கில இருக்கு, அன்ரி."

ஸ்ரீஸ்கந்தராசாவின் குரல் திடீரென்று உடைந்தது.

"ஏன் துர்க்கா? ஸ்கொட்லாந்து வேண்டாமெண்டா வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாமே..."

"சொன்னனான்! எத்தினை தரம் சொன்னனான்! எப்பவாவது காது குடுத்துக் கேட்டனீங்களோ?"

அவர் தலை குனிந்தார்.

கீழே எதுவோ உருண்டு விழும் சத்தம்! நடாஷாவோடு வந்த இரண்டு பொலிஸ்காரர்கள் பேஸ்மென்றுக்குள் இறங்கி, அன்புராசாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா பார்ட்னரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த லுங்கிக்கு வந்ததும் பார்வை நின்றது.

"ஆளைக் கொண்டுபோங்கோ, பிள்ளை... சாரத்தை மட்டும் விட்டிட்டுப் போகச் சொல்லுங்கோ. அது என்ர!"